நாலாவது வரி

என் மனைவிக்கு இடது கால் முட்டிக்குக் கீழே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துக் கடைசியில் சொல்லி யாரையும் திடுக்கிட வைக்கும் ஆசை எனக்கு இல்லை. அந்தக் கால் போனதில் எனக்கும் பங்கு உண்டு. எவ்வளவு பங்கு என்று கேட்டால்தான் பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு வருசமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்தில் எனக்கு வேலை. கம்ப்யூட்டரில் மேட்டர் அடிப்பதும் பிழை பார்ப்பதும். தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர் இருக்கிறதே, அதன் முன்பக்கத்தில் தேதி, நட்சத்திரம், ராகுகாலம் எல்லாம் வரும். அதை ஜோசியர் கணித்துக் கொடுத்துவிடுவார். அதில் யாரும் கை வைக்க முடியாது. ராகுகாலம் கால் மணி நேரம் மாறிப்போனால் ஊர் ஊராக போன் போட்டுத் திட்டுவார்கள். பின்பக்கம் மட்டும் என் ராஜ்ஜியம். விடுகதை, சமையல் குறிப்பு, வீட்டு வைத்தியம் என்று முந்நூற்று அறுபத்தைந்து கட்டங்களை நான்தான் நிரப்ப வேண்டும். ஆர்டர் கொடுக்கிற கடைக்காரர்கள் அதைப் பற்றிக் கேட்பதே இல்லை. "ஏதாச்சும் நல்லதாப் பாத்துப் போடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அட்டையில் எந்தச் சாமி படம் என்பதற்கு ஒரு மணி நேரம் பேசுவார்கள். வெளியூர் மிட்டாய்க்கடை ஒன்றுக்கு ஒரு வருசம் சர்க்கரை நோய்க் குறிப்பாகவே போட்டு அனுப்பினேன். மறு வருசமும் அந்தக் கடைக்காரர் எங்களுக்கே ஆர்டர் கொடுத்தார்.

குறிப்புகளுக்கு நான் எங்கே போவேன்? பழைய காலண்டர்களில் இருந்து எடுப்பேன். டீக்கடையில், பஸ்ஸில் யாராவது சொன்னால் துண்டுச்சீட்டில் குறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். ஒரு கட்டத்துக்கு நாலு வரி. மூன்றரை வரியில் முடிந்தால் கட்டம் அரைகுறையாகத் தெரியும். முதலாளி கூப்பிட்டு, "என்னய்யா, காத்தாடுது?" என்பார். அதனால் ஒரு வால் சேர்ப்பேன். "உடல் சோர்வு நீங்கும்." "ரத்தம் சுத்தமாகும்." "நல்ல உறக்கம் வரும்." இந்த வால்கள் எல்லாம் என் விரல் நுனியில் தயாராக இருக்கும். ஒரு வருசக் காலண்டரில் தை மாதம் கேப்பைக் களி சர்க்கரைக்கு நல்லது என்று போட்டேன். அதே காலண்டரில் ஆனி மாதம் கேப்பைக் கூழ் சர்க்கரையை ஏற்றும் என்று போட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் கண்டுபிடித்துச் சிரித்தார். ஆறு மாதத்துக்கு முந்திக் கிழித்துப் போட்டதை எவன் ஞாபகம் வைத்திருக்கப் போகிறான் என்று நானும் சிரித்தேன்.

அவள் ஞாபகம் வைத்திருந்தாள். சர்க்கரை வந்த நாளில் இருந்து, பின்பக்கத்தில் அந்த நோயைப் பற்றி ஏதாவது இருந்தால் தாளைக் கசக்க மாட்டாள். துணி காயப்போடுகிற கிளிப் ஒன்றில் சேர்த்து அடுப்படி ஆணியில் மாட்டி வைப்பாள்.

நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கம்பி மத்தாப்புப் பிரிவில் அவள் வேலை பார்த்தாள். கம்பிகளைச் சட்டத்தில் செருகி, கலவையில் முக்கி, வெளியே சிமெண்டுத் தளத்தில் வெயிலில் காயப்போட வேண்டும். அலுமினியப் பொடி படிந்து கை, கால், காதுமடல் எல்லாம் வெள்ளியாக மினுங்கும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் உள்ளங்காலில் ஏறியது போகாது. கல்யாணமான புதிதில், "கொலுசு வாங்கித் தாங்கன்னு கேட்டுட்டு, காலையே வெள்ளியாக்கிக்கிட்டு வந்து நிக்கிறியே" என்று கேலி செய்வேன். அங்கே யாரும் செருப்புப் போடுவதில்லை. செருப்பு தரையில் உரசிப் பொறி பறந்துவிட்டால் அறையோடு போக வேண்டியதுதான். எல்லோருடைய செருப்பும் கேட்டுக்குப் பக்கத்தில் வரிசையாகக் கிடக்கும். உயிரைக் காப்பாற்றுவதற்கான சட்டம் அது. அதை நான் குறை சொல்ல வரவில்லை.

நாலு வருசத்துக்கு முன்னால் கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டபோது அவளுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். மாத்திரை கொடுத்து, என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது என்று அச்சடித்த ஒரு தாளும் கொடுத்தார்கள். "சோத்தக் குறைங்க, காயக் கூட்டுங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க, பட்டினி மட்டும் கெடக்காதீங்க" என்றார் டாக்டர். நல்ல தாள், நல்ல அச்சு. நான் அச்சகத்தில் இருந்து பசை கொண்டுவந்து, ஒரு சுருக்கம் இல்லாமல் அடுப்படிச் சுவரில் அதை ஒட்டினேன். தாள் ஒட்டுவதில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

அந்தத் தாளோடு நின்றிருக்கலாம். ஆனால் சர்க்கரை என்று தெரிந்துவிட்டால் நம் ஊரில் எல்லோரும் டாக்டராகிவிடுவார்கள்.

முதலில் வந்தவர் அவளுடைய அண்ணன். லாரி ஆபீசில் லோடு எழுதுகிறவர். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து அரிசியை விட்டு, உடம்பைப் பாதியாக்கியிருந்தார். "மாப்ளே, அரிசி, கோதுமை, கம்பு எல்லாம் ஒண்ணுதான். அம்புட்டும் சீனி. தங்கச்சிக்கு முட்டையும் கறியும் தேங்காயுமாக் குடுங்க. நெய்ய ஊத்துங்க. ஒரே மாசத்துல மாத்திரையத் தூக்கிப் போட்டுரலாம்" என்றார். அடுத்து என் மதினி, அதாவது என் அண்ணன் மனைவி. "நெய்யும் கறியுமாத் தின்னா நெஞ்சடைச்சுப் போகும் தம்பி. குதிரவாலி, கேப்பை, கம்பு, இதத்தான் குடுக்கணும். நம்ம மண்ணுல வெளையிறது நம்மளக் கெடுக்குமா?" என்று சொல்லி, ஒரு பை குதிரைவாலியை இறக்கி வைத்துவிட்டுப் போனார். பக்கத்து வீட்டு அக்கா விடிந்ததும் ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாற்றோடு வாசலில் நின்றார். சந்தேகத்துக்கு ஒரு தனியார் டாக்டரிடம் போனோம். அவர் சிரித்துக்கொண்டே, "எது வேணும்னாலும் சாப்பிடுங்க, அளவுதான் முக்கியம்" என்றார். அளவு எவ்வளவு என்று கேட்டேன். ஒரு கை என்றார். யாருடைய கை என்று கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இவர்களுக்கு நடுவே கம்பெனி வாழைப்பழம். சாயங்காலம் வேலை முடிந்ததும் அந்தப் பெண்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு பழம் தின்பார்கள். மூக்கிலும் தொண்டையிலும் போன பொடி பழத்தோடு கீழே இறங்கிவிடும் என்று நம்பிக்கை. அதை அவர்கள் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கை கழுவுவது போல அது ஒரு வேலை. ஆஸ்பத்திரித் தாளில் வாழைப்பழத்துக்கு நேரே பெருக்கல் குறி போட்டிருந்தது. "பொடி நெஞ்சுல தங்குனா அதுக்கு யாருங்க மாத்திரை குடுப்பா?" என்று அவள் கேட்டாள். பதில் தெரியாத இடத்தில் எனக்குக் கோபம் வரும். டிபன் தூக்கைத் திறந்து சோதனை போட ஆரம்பித்தேன். ஒருநாள் அதில் பழத்தோல் இருந்ததைப் பார்த்து, தூக்கை வாசலில் விட்டெறிந்தேன். அவள் போய் மூடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள்.

இப்படி ஒரு மாதம் முட்டை, ஒரு மாதம் குதிரைவாலி என்று அவள் தட்டு மாறிக்கொண்டே இருந்தது. யார் கடைசியாக வீட்டுக்கு வந்துவிட்டுப் போனார்களோ அவர்கள் சொன்னது அந்த மாதம் சட்டம். சட்டத்தை அமல்படுத்துகிற போலீஸ் நான்.

ஆனைக்குட்டத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் அவள் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்ததுதான் தாமதம், சுற்றி நின்று ஆரம்பித்துவிட்டார்கள். சோறு வைக்க வந்தவரை அவளுடைய அண்ணன் கையால் தடுத்தார். அண்ணன் வைக்கச் சொன்ன கறியை மதினி வேண்டாம் என்றார். உருளைக்கிழங்கை யாரோ இலையில் இருந்தே எடுத்தார்கள். பாயசத்தை நான் நிறுத்தினேன். பந்தியில் இருந்த அத்தனை பேரும் அவள் இலையையே பார்த்தார்கள். அவள் முகம் செத்துவிட்டது. "ஆளுக்கொரு பக்கம் இழுக்காதீக. எனக்குப் பசிக்குது" என்று மெதுவாகச் சொன்னாள். அப்புறம் கொஞ்சம் அவரைக்காயைத் தின்றுவிட்டு இலையை மூடி எழுந்துவிட்டாள்.

திரும்பி வருவதற்கு பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. கண் எங்கேயோ போனது. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு வயிற்றைக் காயப்போட்டால் சர்க்கரை கீழே இறங்கிவிடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. முன்பின் தெரியாத ஒரு பெரியவர் மடியில் இருந்து மிட்டாயை எடுத்து அவள் வாயில் போட்டார். நான், "ஐயா, அவளுக்குச் சுகர்" என்று அவர் கையைப் பிடித்தேன். "அதனாலதாம்ப்பா குடுக்கேன்" என்று அவர் என் கையைத் தட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவள் தெளிந்தாள். வீட்டுக்கு வந்ததும் அந்த மிட்டாய் கொடுத்தது சரியா தப்பா என்று போனில் இரண்டு நாள் பஞ்சாயத்து நடந்தது. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கால் எரிச்சல் அதற்குப் பிறகு வந்தது. உள்ளங்காலில் மிளகாய் அரைத்துப் பூசியது மாதிரி எரிகிறது என்பாள். வேலைவிட்டு வந்ததும் வாளித் தண்ணீரில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். படுக்கும்போது ஈரத்துணியைச் சுற்றிக்கொள்வாள். காலையில் நான் கிளம்பும்போதும், "ஏங்க, கால் எரியுது" என்பாள். அவள் என்னிடம் மருந்து கேட்கவில்லை. சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றுதான் சொன்னாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டே, "என்னத்தத் தின்ன?" என்று கேட்பேன்.

அந்த வருச ஆவணியில்தான் மறு வருசக் காலண்டருக்கு மேட்டர் அடித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் கேட்டு எழுதி வைத்த சீட்டு ஒன்று: வெந்தயத்தை முதல் நாளே ஊறவைத்து, மறுநாள் வெறும் வயிற்றில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் சர்க்கரை கட்டுப்படும். அடித்துப் பார்த்தேன். மூன்றரை வரி. வால் வேண்டும். சோர்வு நீங்கும் என்பதை முந்தின கட்டத்திலேயே போட்டாயிற்று. அன்றைக்குக் காலையில் அவள் சொன்னது காதில் கிடந்திருக்க வேண்டும். விரல் தானாக அடித்தது: "பாத எரிச்சலும் தீரும்." சரியாக நாலாவது வரி நிரம்பியது. அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். அதை அடித்தபோது அவளை நான் நினைக்கக்கூட இல்லை. இடம் காலியாக இருந்தது, நிரப்பினேன். அவ்வளவுதான்.

மறு வருசம் மாசி மாதம் ஒரு காலையில் அவள் அந்தத் தாளைக் கிழித்தாள். மதினி அப்போது வீட்டில் இருந்தார்.

"ஏங்க, வெந்தயத் தண்ணி குடிச்சா பாத எரிச்சலும் தீரும்னு போட்டிருக்கு" என்றாள்.

"காலண்டர்ல வர்றதெல்லாம் பெரிய பெரிய டாக்டருமாரு எழுதுறதாத்தான் இருக்கும், இல்லையா தம்பி?" என்று மதினி என்னைக் கேட்டார்.

"ஆமா மதினி, மெட்ராஸ்ல இருந்து வருது" என்றேன். அச்சகத்தில் நான் ஏதோ பெரிய ஆள் என்று மதினிக்கு ஒரு நினைப்பு. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். தாளைக் கிளிப்பில் மாட்டினாள். அன்றைக்கே வெந்தயம் ஊறப்போட்டாள்.

ஆனி மாதத்துக்குள் எரிச்சல் நின்றுவிட்டது. சுத்தமாக நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் திருவிழாதான். அண்ணன் முட்டையால் என்றார். மதினி குதிரைவாலியால் என்றார். பக்கத்து வீட்டு அக்கா பாகற்காயை விட்டுக்கொடுக்கவில்லை. அவள் மட்டும் வெந்தயத் தண்ணீர் என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் வந்தது. இடத்தை நிரப்பப் போட்டது பலித்துவிட்டதே என்று நினைத்தேன். அடுத்த வருசம் அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடலாம் என்றுகூட நினைத்தேன்.

கம்பெனியிலும் அவளுக்குப் பேர் கிடைத்தது. உச்சிவெயிலில் காயப்போடுகிற தளம் தோசைக்கல்லாகக் காயும். மற்றப் பெண்கள் குதித்துக் குதித்து ஓடுவார்கள். ஈரச் சாக்கு போட்டு அதன் மேல் நடப்பார்கள். இவள் கம்பி செருகிய சட்டத்தைத் தூக்கிக்கொண்டு சாவகாசமாக நடந்து போய் வைத்துவிட்டு வருவாள். "அந்த அக்காவ அனுப்புங்க, அவுகளுக்குக் கால் சுடாது" என்று போர்மேன் அவளையே மத்தியான வேலைக்குப் போட்டார். அவள் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"எல்லாரும் என் கால அதிசயமாப் பாக்காக. எனக்கு மட்டும் வெயிலே தெரிய மாட்டேங்கு."

நானும் அதை டீக்கடையில் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். கேட்டவர்களில் ஒருத்தர்கூட, அது எப்படிச் சுடாமல் இருக்கும் என்று கேட்கவில்லை.

புரட்டாசியில் தீபாவளி ஆர்டர் நெருக்கியது. ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அவளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் என்றைக்கும் இல்லாத அளவுக்குச் சர்க்கரை ஏறிக் கிடந்தது. "பழம் தின்னியா? உண்மையச் சொல்லு" என்று கத்தினேன். சாமி சத்தியமாக இல்லை என்றாள். நான் நம்பவில்லை. அரிசிப் பானையைத் திறந்து பார்த்தேன். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எதைத் தேடினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் குளித்துவிட்டு ஈரக்காலோடு அடுப்படிக்குள் நடந்து போனாள். சிமெண்டுத் தரையில் தடம் விழுந்தது. வலது தடம் வெறும் தண்ணீர். இடது தடத்தில் முன்பாதத்துக்கு நேரே பழுப்பாக ஒரு கறை. அடுத்த அடியிலும் அதே இடத்தில் கறை. அப்போதுதான் எனக்கு ஒரு வாடை உறைத்தது. இரண்டு நாளாக வீட்டில் எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளை உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவள் உள்ளங்காலை நான் திருப்பிப் பார்த்தது அன்றைக்குத்தான். வெள்ளிப் பொடி ஏறிய தோல், அதில் பெரிய கொப்புளம் உடைந்த தோல் மடிந்து கிடந்தது. நடுவில் ஒரு ஓட்டை. அதற்குள் கறுப்பு. ஓரத்தில் அரை விரல் நீளத்துக்கு ஒரு மத்தாப்புக் கம்பித் துண்டு குத்தியிருந்தது. அதோடுதான் எத்தனையோ நாளாக நடந்திருக்கிறாள். "வலிக்கலையா?" என்று கேட்டேன்.

"எதுங்க?" என்றாள்.

விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். மெல்லிய நைலான் இழை போன்ற ஒன்றால் அவள் காலில் அங்கங்கே தொட்டு, "தெரியுதாம்மா?" என்று கேட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முட்டிக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் ஆமாம் என்றாள். என்ன சாப்பாடு கொடுத்தீர்கள் என்று கேட்பார் என நினைத்து நான் முந்திக்கொண்டேன். சோறு ஒரு கை, குதிரைவாலி, முட்டை, பாகற்காய், வெந்தயம் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். "கால் எரிச்சல்கூட நின்னுபோச்சுங்க மேடம்" என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரலில் பெருமை இருந்தது. அந்தக் குரலை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

காய்ச்சலும் சர்க்கரையும் ஏறியது எதையும் தின்றதால் இல்லை, புண் அழுகியதால் என்று டாக்டர் சொன்னார். "எரிச்சல் நின்னது குணமானதால இல்லங்க. நரம்பு செத்துப்போச்சு. எரியிற வரைக்கும் அந்தக் காலுக்கு உசுரு இருந்துச்சு" என்றார். பிறகு, "இத்தனை பேரு தட்டைப் பாத்திருக்கீங்க. காலை யாரு பாத்தா?" என்று கேட்டார். திட்டுவது போல இல்லை. களைத்துப்போய்க் கேட்டார். "சுகர்னு தெரிஞ்சன்னைக்கு ஒரு தாள் குடுத்திருப்பாங்களே. பின்பக்கம் பாதத்தைப் பத்திப் போட்டிருக்குமே, படிக்கலையா?"

பின்பக்கம். வீட்டுக்குத் துணி எடுக்க வந்தபோது அந்தத் தாளைச் சுவரில் இருந்து உரித்துப் பார்த்தேன். நான் ஒட்டிய ஒட்டு ஆயிற்றே, லேசில் வருமா? தண்ணீர் தொட்டுத் தொட்டுக் கிழிசல் கிழிசலாக எடுத்தேன். "தினமும் உள்ளங்காலை" என்று ஒரு துண்டில் இருந்தது. "வெறுங்காலில்" என்று இன்னொரு துண்டில் இருந்தது. மற்றது சுவரோடு போய்விட்டது. படித்திருந்தாலும் கம்பெனியில் செருப்போடு உள்ளே விட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் காலைத் திருப்பிப் பார்ப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

முதலில் விரல்களை எடுத்தார்கள். போதவில்லை. எட்டாம் நாள் முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். அண்ணனும் மதினியும் வார்டுக்கு வந்தார்கள். அண்ணன் முட்டை கொண்டுவந்தார், மதினி கஞ்சி கொண்டுவந்தார். கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டையும் வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். அவள் இரண்டிலும் கொஞ்சம் சாப்பிட்டாள்.

இந்த ஆவணியில் மறுபடியும் மேட்டர் அடிக்க உட்கார்ந்தேன். பழைய பைல்கள் எல்லாவற்றையும் தேடினேன். சர்க்கரைக்கு நாவல் கொட்டை இருந்தது, கறிவேப்பிலை இருந்தது, ஒன்றையொன்று வெட்டுகிற நூறு குறிப்புகள் இருந்தன. காலைப் பற்றி ஒரு வரி இல்லை. நானே எழுதினேன்: "சர்க்கரை உள்ளவர்களின் உள்ளங்காலைத் தினமும் வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும். எரிச்சல் தானாக நின்றுவிட்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்." மூன்று வரிகூட வரவில்லை. முதலாளி வந்து எட்டிப் பார்த்து, "காத்தாடுதேய்யா" என்றார். அப்படியே இருக்கட்டும் முதலாளி என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் போய்விட்டார்.

முதல் காலண்டர் தைத்து வந்ததும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்தத் தாளைப் பிரித்துக் கையில் கொடுத்தேன். வாய்க்குள்ளே படித்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"இது நான் எழுதுனது. இது மட்டும் இல்ல, இத்தன வருசமா வந்த அம்புட்டும் நான் போட்டதுதான். மெட்ராஸ்ல டாக்டர் யாரும் கெடையாது" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"உங்க சட்டையத் துவைக்கிறது யாரு? பையில சீட்டு கெடக்கும். நனையாம எடுத்துப் படிச்சுட்டுத்தான் திரும்ப வைப்பேன். அதுல எது அச்சுல வருதுன்னு பாப்பேன். வந்துருச்சுன்னா, நீங்க நல்லா விசாரிச்சுப் போட்டிருக்கீகன்னு நெனச்சுக்கிருவேன்."

அவள் கீரையில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"வெந்தயத்துச் சீட்டும் பாத்தேன். அதுல பாத எரிச்சல் கெடையாது. அச்சுல இருந்துச்சு. நான் தெனமும் எரியுது எரியுதுன்னு சொல்லுறப்ப நீங்க காதுல வாங்காம போறீகன்னு எனக்கு வருத்தம். அதப் பாத்த பொறவுதான் மனசு ஆறுச்சு. யாருகிட்டயோ கேட்டு எனக்காகச் சேத்திருக்கீக. அதான் ஒருநா விடாமக் குடிச்சேன்." தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "எனக்காகத்தானே சேத்தீக?"

"ஆமா" என்றேன். "உனக்காகத்தான்."

அவள் தலையாட்டிவிட்டு, அந்தத் தாளையும் கிளிப்பில் மாட்டச் சொன்னாள். நான் மாட்டிவிட்டு வந்து, அவள் வலது காலைத் தூக்கி மடியில் வைத்து உள்ளங்காலைப் பார்த்தேன்.